காரைக்குடியின் ஓரத்தில் ஒரு வீட்டுமனைப் பிரிவு: வாங்கலாமா?

காரைக்குடி மாநகராட்சியின் ஓரத்தில், சில ஆண்டுகளுக்கு முன்புவரை மானாவாரிப் புஞ்சையாகக் கிடந்த ஏறத்தாழ 12 ஏக்கரில் போடப்பட்டுள்ள வீட்டுமனைப் பிரிவு ஒன்றைப் பற்றிய மதிப்புரை இது. சிங்கப்பூரில் இருக்கும் என் அண்ணன் அங்கே மனை வாங்க விரும்பியதால், ஆவணங்களைப் படித்து, நிலத்தின் எல்லையையும் அளவையும் காட்டும் அரசு வரைபடமான புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தில் நடந்து பார்த்து, விற்பனை அலுவலகத்தில் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்ட பிறகே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைத் தரவில்லை. இதில் நான் காணும் குறைகள் அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை அல்ல. செட்டிநாட்டு ஊர்களைச் சுற்றி இன்று எழும் மனைப்பிரிவுகள் பலவற்றுக்கும் பொருந்துபவை.

முதலில் நல்லவற்றைச் சொல்லிவிடுகிறேன். உள்சாலைகள் தார் போடப்பட்டு, இருபுறமும் வடிகால் கட்டப்பட்டுள்ளன. மின்கம்பங்கள் நடப்பட்டுக் கம்பியும் இழுக்கப்பட்டுவிட்டது. எல்லைக்கற்கள் வரைபடத்தில் உள்ள அளவுக்கு ஒத்து வருகின்றன. நாடா பிடித்து அளந்து பார்த்த மனைகளில் ஓர் அங்குலம்கூட மாறவில்லை. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் எண், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் இரண்டும் விளம்பரத்திலேயே அச்சிடப்பட்டுள்ளன, ஆணையத்தின் தளத்திலும் அவை சரியாக இருக்கின்றன. இதைச் சிறிய விஷயமாக நான் எண்ணவில்லை. அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதிக்கும்வரை, ஒரு வயலை வாங்கி, கல் நட்டு, வெள்ளையடித்து, மனை என்று விற்றுவிட்டுப் போவது தமிழகம் முழுவதும் சாதாரணமாக நடந்த தொழில். அப்படி விற்கப்பட்டவற்றை வரன்முறைப்படுத்த 2017இல் தனி விதிகளையே அரசு கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த விதிகளின்படி 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முந்தைய மனைகளுக்கே அந்த வாய்ப்பு உண்டு. எங்கள் வட்டாரத்திலும் அத்தகைய மனைகளை வாங்கிவிட்டு, வீடு கட்ட அனுமதி கிடைக்காமல் அலைந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கவலை இந்த மனைப்பிரிவில் இல்லை.

பத்திரங்களும் தெளிவாக உள்ளன. தாய்ப்பத்திரம் முதல் இன்றைய உரிமையாளர் வரை தொடர்ச்சி அறுபடவில்லை, வில்லங்கச் சான்றில் அடமானம் எதுவும் காணப்படவில்லை, பட்டாவும், ஊரின் நிலங்களை வகையோடு பதிந்துவைக்கும் அ-பதிவேடும் ஒத்துப்போகின்றன. இவற்றை இப்போது வருவாய்த் துறை, பதிவுத்துறைத் தளங்களிலேயே பார்த்துவிட முடிகிறது என்பதால், வெளிநாட்டில் இருப்பவர்கள்கூட யாரையும் நம்பியிராமல் பாதி வேலையை முடித்துக்கொள்ளலாம். ஆனால், மீதிப் பாதிக்கு நிலத்தில் கால் வைத்தாக வேண்டும்.

முதல் குறை தண்ணீர் போகும் வழியில் இருக்கிறது. புலப்படத்தில் மனைப்பிரிவின் வடக்கு எல்லையை ஒட்டி இரண்டு இணைகோடுகள் செல்கின்றன. அது வரத்துக்கால். மேட்டுநிலத்தில் விழும் மழைநீரைத் திரட்டிக் கீழே இருக்கும் கண்மாய்க்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. வரைபடத்தில் அது நீர்நிலைப் புறம்போக்காகவே காட்டப்பட்டிருக்கிறது, அதை யாரும் மனையாக்கி விற்கவுமில்லை. ஆனால் நெடுஞ்சாலையிலிருந்து மனைப்பிரிவுக்குள் நுழையும் சாலை அந்த வரத்துக்காலைக் குறுக்கே கடந்தாக வேண்டும். அந்த இடத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கி, அடியில் ஒரே ஒரு சிமெண்ட் குழாயைப் பதித்திருக்கிறார்கள். குழாயின் வாய் ஒன்றரை அடி இருக்கும். குழாய்க்கு மேற்கே வரத்துக்காலின் அகலத்தை நடந்து அளந்தேன். சீமைக்கருவேல் அடைத்துக் கிடந்தும் பத்தடிக்குக் குறையவில்லை. குழாயின் வாயில் பாதி ஏற்கெனவே மணலாலும் பிளாஸ்டிக் பைகளாலும் மூடியிருந்தது. அருகே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் நான் குனிந்து பார்ப்பதைக் கவனித்துவிட்டு, “தம்பி, ஐப்பசி கார்த்திகையில வந்து பாருங்க. கரைக்குக் கரை தண்ணி ஓடும். இந்தக் குழாய் எம்புட்டுத் தாங்கும்?” என்றார். பொறியாளர் எவரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

சிவகங்கைச் சீமையின் கண்மாய்களைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதன் விளைவை விளக்க வேண்டியதில்லை. வற்றாத ஆறு எதுவும் இல்லாத இந்தப் பூமியில், வடகிழக்குப் பருவத்தின் சில கனமழை நாட்களில் கிடைக்கும் நீரைத்தான் ஆண்டு முழுவதற்கும் தேக்கியாக வேண்டும். ஒரு கண்மாய் நிரம்பினால் உபரிநீர் வெளியேறும் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்கு, அது நிரம்பினால் அதற்கும் அடுத்ததற்கு என்று சங்கிலியாக நீர் போகும்படி நிலத்தின் சரிவைப் பார்த்து அமைத்திருக்கிறார்கள். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை நெரித்தால் இரண்டு தீங்குகள் ஒரே நேரத்தில் வரும்: நெரிபட்ட இடத்துக்கு மேலே இருப்பவர்களின் வீட்டுக்குள் தண்ணீர் புகும், கீழே இருக்கும் கண்மாய் வறண்டு, அதை நம்பிய கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் நீர்மட்டம் இறங்கும். மனைப்பிரிவில் வாங்கப்போகிறவரும் அதே நிலத்தடி நீரைத்தான் குடிக்கப்போகிறார்.

இரண்டாவது குறை திறந்தவெளி. அலுவலகங்களில் ஓ.எஸ்.ஆர். என்று வழங்கும் திறந்தவெளி ஒதுக்கீட்டின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் போக மீதமுள்ள பரப்பில் 10 சதவீதத்தைப் பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் விட்டு, அதைச் சாலைகளோடு சேர்த்து உள்ளாட்சிக்குத் தானப்பத்திரமாக எழுதித் தர வேண்டும். இங்கே சாலைகளுக்கு ஏறத்தாழ 4 ஏக்கர் போகிறது. மீதி 8 ஏக்கரில் 80 சென்ட் திறந்தவெளி. கணக்கு சரியாக இருக்கிறது, தானப்பத்திரமும் பதிவாகியிருக்கிறது. ஆனால் அந்த 80 சென்ட் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், மனையாக விற்றால் விலை போகாத பள்ளத்தில், மின்மாற்றிக்குப் பின்புறம், கடைசி மூலையில் இருக்கிறது. நடுவில் இருந்திருந்தால் எல்லா வீட்டுக் குழந்தைகளும் இரண்டு நிமிடத்தில் நடந்து வந்துவிடுவார்கள். தாழ்வான இடத்தில் இருப்பதையே பயன்படுத்தி ஓர் ஊரணி வெட்டியிருந்தால்கூட அந்தத் தேர்வை நான் பாராட்டியிருப்பேன். இப்போது அங்கே கட்டடக் கழிவு கொட்டியிருக்கிறது.

மூன்றாவது குறைதான் எனக்கு மிகவும் கவலை தருவது. மேற்கே இன்னொரு நிறுவனத்தின் மனைப்பிரிவு இருக்கிறது. இதன் நடுச்சாலையும் அதன் நடுச்சாலையும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் வந்து, இடையில் எட்டடி உயரச் சுவரில் முட்டி நிற்கின்றன. சுவருக்கு அந்தப் பக்கம் மளிகைக்கடை ஒன்று திறந்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் குடிவந்துவிட்ட குடும்பம் ஒன்று அந்தக் கடைக்குப் போக வேண்டுமானால், நெடுஞ்சாலைக்கு வந்து, லாரிகளுக்கு நடுவே சாலையோரமாக நடந்து, மீண்டும் உள்ளே திரும்ப வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு மிதிவண்டியில் போகும் பிள்ளைக்கும் அதே வழிதான். விற்பனை அலுவலகத்தில் இருந்த இளைஞரிடம் இதைக் கேட்டேன். “அண்ணே, காம்பவுண்ட் இருந்தாத்தான் பார்ட்டி செக்யூரிட்டியா ஃபீல் பண்றாங்க” என்றார். மரியாதையாகவும் உண்மையாகவும்தான் பதில் சொன்னார். வாங்குகிறவர்களின் விருப்பமும் இந்தச் சுவரில் கலந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

இது எப்படி நேர்கிறது என்பதை வாங்குகிறவர்கள் புரிந்துகொள்வது நல்லது. ஒவ்வொரு மனைப்பிரிவும் தனித்தனி விண்ணப்பம். அதற்குப் பொதுச்சாலை ஒன்றோடு இணைப்பு இருக்கிறதா, உள்சாலைகள் உரிய அகலத்தில் உள்ளனவா, திறந்தவெளி விடப்பட்டதா என்று பார்ப்பார்கள். விதிகள் அந்தச் சதுரத்துக்குள் நிறைவேறினால் போதும். பத்து நிறுவனங்கள் பத்து வயல்களை வாங்கி, பத்துமே விதிப்படி ஒப்புதல் பெற்றாலும், அவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது அது ஓர் ஊராகிவிடுவதில்லை. எந்தச் சாலை எதிர்காலத்தில் பேருந்து போகும் சாலை, எந்த ஓடை நகரின் வடிகால், பள்ளிக்கும் சந்தைக்கும் இடம் எது என்பதை மனைகள் விற்பதற்கு முன்னரே யாராவது வரைந்திருக்க வேண்டும். சட்டத்தில் அதற்கு இடம் இல்லாமல் இல்லை. சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் 1920இலேயே வந்துவிட்டது. அதன் இடத்தில் வந்த 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் நகர் முழுவதற்குமான முழுமைத் திட்டம், அதன் ஒரு பகுதிக்கான விரிவான வளர்ச்சித் திட்டம் ஆகிய இரண்டுக்கும் வழி சொல்கிறது. குஜராத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு பகுதியின் நிலங்களையெல்லாம் காகிதத்தில் ஒன்றாகச் சேர்த்து, சாலைக்கும் பூங்காவுக்கும் பள்ளிக்கும் வேண்டியதை எடுத்துக்கொண்டு, மீதியை ஒழுங்கான வடிவில் அவரவருக்கே திருப்பித் தருகிறார்கள். பரப்பு குறைந்தாலும் சாலை கிடைப்பதால் நிலத்தின் மதிப்பு உயர்ந்துவிடுகிறது. பம்பாய் மாகாணத்தின் 1915ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வளர்ந்த அந்த முறையில்தான் அகமதாபாத்தின் பெரும்பகுதி விரிந்தது. காரைக்குடி 1928இல் நகராட்சியாகி, 2011 கணக்கெடுப்பில் 1,06,714 பேரைக் கொண்டிருந்து, 2024இல் கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளையும் சங்கராபுரம் போன்ற ஊராட்சிகளையும் இணைத்துக்கொண்டு மாநகராட்சியாகியிருக்கிறது. எல்லை விரிந்திருக்கும் இந்தத் தருணத்தில் அத்தகைய வரைபடம் நமக்கு மிகவும் தேவை. சுவர்கள் எழுந்து வீடுகள் கட்டிய பிறகு சாலைக்கு நிலம் எடுப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பெரிய நகரங்கள் எல்லாம் அனுபவித்துவிட்டன.

செட்டிநாட்டில் நின்றுகொண்டு இதை எழுதும்போது ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஏதாவது ஒரு தெருமுனையில் நின்று பாருங்கள். தெரு மறுமுனைவரை நேராகப் போகும். குறுக்குத் தெருக்கள் அதைச் செங்கோணத்தில் வெட்டும். வீடுகள் ஒரு தெருவில் முகப்பைத் தொடங்கி, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நீண்டு, பின்வாசலை அடுத்த தெருவில் திறக்கும். கூரையில் விழும் மழை வளவு முற்றத்தில் இறங்கி, வீட்டின் வடிகாலுக்கு வந்து, தெருவின் வாய்க்காலில் சேர்ந்து, ஊரணிக்குப் போகும். எந்த வீட்டின் தண்ணீர் எந்தத் தெரு வழியாக எந்த ஊரணிக்குப் போக வேண்டும் என்பது வீடு கட்டும் முன்பே தீர்மானமாகியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குள் பர்மாவிலும் மலேயாவிலும் சிலோனிலும் ஈட்டிய பணத்தில் கட்டிய வீடுகளைப் பற்றி நாம் பேசும்போது, பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் ஆத்தங்குடிக் கல்லும்தான் பேச்சில் வருகின்றன. எனக்கு வியப்பளிப்பது தெருவின் சரிவு. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகளை 2014இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் சேர்த்தபோதும் தனி வீடுகளை மட்டும் குறிப்பிடாமல் ஊர்களின் அமைப்பையே குறிப்பிட்டிருக்கிறார்கள்.

அந்த ஒழுங்கு எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நேரான தெருக்கள் நகரத்தார் குடியிருப்புகளுக்கு. அந்த வீடுகளைக் கட்டியவர்களும் வயலில் உழைத்தவர்களும் குடியிருந்த பகுதிகளுக்கு அதே கவனம் போகவில்லை. புதிய மனைப்பிரிவில் பணம் கட்டுகிற எவரும் எந்த மனையையும் வாங்கலாம் என்பது உண்மையான முன்னேற்றம். பழைய ஊரைப் போலவே கட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தண்ணீரையும் தெருவையும் முதலில் தீர்மானித்துவிட்டு மனையைப் பிறகு பிரித்த அந்த வரிசை முறையை மட்டுமே கேட்கிறேன்.

நகரம் இப்படி வெளியே பரவுவதற்கு உள்ளே இருக்கும் காரணத்தையும் மறந்துவிடக் கூடாது. பழைய ஊர்களின் நடுவில் எத்தனையோ வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு வீட்டுக்குப் பல தலைமுறைப் பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் அமெரிக்காவில். எல்லாரும் கையெழுத்திடாமல் விற்கவும் முடியாது, பழுதுபார்க்கச் செலவைப் பிரிக்கவும் முடியாது. கடைசியில் வீட்டை இடித்துத் தூணையும் கதவையும் பிரித்து விற்றுவிடுகிறார்கள்; அவற்றில் ஒரு பங்கு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்கிறது. தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், பேருந்து நிறுத்தம், கோயில், கடைவீதி எல்லாம் உள்ள இடத்தில் நிலம் முடங்கிக் கிடக்க, அவற்றில் எதுவும் இல்லாத புஞ்சைக்காட்டில் புதிதாகச் சாலை போடுகிறோம். ஒரே மக்கள்தொகைக்கு இரண்டு மடங்கு நீளத்துக்குக் குழாயும் கம்பியும் இழுத்தால், செலவு நாளை வரியாக எல்லாரிடமும்தான் வரும்.

வசதிகளின் நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குடிநீர் இப்போதைக்கு ஆழ்துளைக் கிணறுதான். சம்பை ஊற்றின் சுவையான தண்ணீருக்குப் பெயர்பெற்ற ஊர் இது. ஆனால் அந்தக் குழாய் இந்த ஓரத்துக்கு எப்போது வரும் என்று அலுவலகத்தில் உறுதியான பதில் இல்லை. கழிவுநீருக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி செப்டிக் டேங்க். அடுத்தடுத்த மனைகளில் ஒருவரின் டேங்க்கும் மற்றவரின் ஆழ்துளைக் கிணறும் அருகருகே வந்துவிடாமல், எந்த மூலையில் எது என்று வரைபடத்திலேயே காட்டும்படி கேட்டேன். அது வாங்குகிறவர் பொறுப்பு என்று விட்டுவிட்டார்கள். நகரப் பேருந்து நெடுஞ்சாலையோடு சரி. விற்றுவிட்ட மனைகளில் பெரும்பாலானவை வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்களின் முதலீடு என்பதால், வீடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கின்றன. இடையில் கருவேல் வளர்ந்து, மாலை மங்கியதும் பெண்கள் தனியே நடக்கத் தயங்கும் இடமாக இருக்கிறது. பேருந்தும் கடையும் வீடுகள் நெருங்கிய பிறகுதான் வரும். அவை வரட்டும் என்று வீடு கட்டாமல் காத்திருப்பவர்களே மனைகளின் உரிமையாளர்கள்.

விலை சென்ட் மூன்றரை லட்சம் கேட்கிறார்கள். நாற்பதுக்கு அறுபது அடி மனை ஐந்தரை சென்ட் என்றால் 19 லட்சத்து 25 ஆயிரம். அதன்மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து ஏறத்தாழ ஒன்றே முக்கால் லட்சம் வரும். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, பத்திரத்தில் காட்டும் விலை இரண்டில் எது அதிகமோ அதற்கே தீர்வை என்பதால், முழு விலையையும் பத்திரத்தில் காட்டுவோம் என்று நிறுவனமே முன்வந்து சொன்னது அவர்களுக்கு நற்பெயர் தர வேண்டிய செயல். அலுவலக நடத்தையிலும் குறை இல்லை. கேட்ட நகல்களைத் தந்தார்கள், முன்பணம் கட்டச் சொல்லி நெருக்கவில்லை. குழாயைப் பற்றிக் கேட்டபோது மட்டும் பொறியாளரிடம் சொல்கிறோம் என்பதோடு பேச்சு நின்றுவிட்டது.

அண்ணனுக்கு நான் எழுதிய பரிந்துரையையே இங்கும் தருகிறேன். உடனே வீடு கட்டிக் குடிவர நினைப்பவர்கள், நுழைவுக்கு அருகில் மேட்டில் இருக்கும் கிழக்கு வரிசையில் வாங்கலாம். ஆவணமும் அளவும் நம்பத்தக்கவை. வரத்துக்காலை ஒட்டிய வடக்கு வரிசையையும், திறந்தவெளிப் பள்ளத்துக்கு எதிரே உள்ள மனைகளையும், விலை எவ்வளவு குறைத்தாலும், இன்றைய நிலையில் வாங்க வேண்டாம். முதலீடாக மட்டும் வாங்குபவர்களுக்கு இதைவிட, பங்காளிகள் ஒத்துப்போன ஒரு பழைய மனை ஊருக்குள்ளேயே கிடைத்தால் அதைப் பார்க்கச் சொல்வேன்.

முன்பணம் கொடுக்கும் முன் மூன்று உறுதிமொழிகளை எழுத்தில் கேட்கும்படி அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்: குழாயை எடுத்துவிட்டு வரத்துக்காலின் முழு அகலத்துக்கும் பெட்டிப்பாலம் கட்டுவது, மேற்குச் சுவரில் நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்குமாவது ஒரு வழி திறப்பது, திறந்தவெளியில் கொட்டிய கழிவை அகற்றிக் கொடுப்பது. இவற்றில் முதலாவதற்கு மாநகராட்சியிலும் நீர்வளத் துறையிலும் மனைதாரர்கள் சேர்ந்து மனுக் கொடுக்கலாம். ஏற்கெனவே அங்கே குடியிருக்கும் குடும்பங்களிடம் பேசினேன், அவர்கள் கையெழுத்திடத் தயாராக இருக்கிறார்கள். புலப்பட நகலை இணைத்து மனுவை ஐப்பசி மழைக்கு முன்பே கொடுப்பதாக இருக்கிறோம்.